சமதளத்திலும் நகரங்கள் முளைக்குமா? பொருளாதாரத்தின் தன்னொழுங்கமைவும் நிலத்தின் பங்கும்

மருதம் (கேள்வி)

வணக்கம். பொருளாதாரப் புவியியலைச் சில காலமாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண்பாடு பெரிதாகிக்கொண்டே போவதால், இத்துறையில் பழக்கமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்று எழுதுகிறேன்.

நகரங்களும் தொழில் மையங்களும் எங்கே இருக்க வேண்டும் என்பதை நிலமே தீர்மானிக்கிறது என்பது ஒரு தரப்பு விளக்கம். ஆற்று முகத்துவாரம், ஆழமான இயற்கைத் துறைமுகம், நிலக்கரிப் படுகை, மலைத்தொடரை ஊடறுக்கும் கணவாய் என்று காரணம் காட்ட ஏதேனும் ஒன்று எப்போதும் கிடைத்துவிடுகிறது. தனித்தனி மனிதர்களும் நிறுவனங்களும் தத்தம் நலனை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவுகளிலிருந்து, யாரும் திட்டமிடாத ஓர் ஒழுங்கு பெரிய அளவில் தானாகவே எழுகிறது என்பது மறுதரப்பு. பொருளியலாளர் பால் க்ருக்மன் இதற்கென்றே 1996-இல் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். எல்லா இடங்களும் ஒன்றுபோலவே இருக்கும் கற்பனை உலகத்திலும் மையங்கள் உருவாகும் என்று இத்தரப்பினர் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள்.

வேறுபாடே இல்லாத நிலத்திலும் நகரம் உருவாகும் என்றால் ஆறும் துறைமுகமும் எதற்குத் தேவை? ஆறும் துறைமுகமும் எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றன என்றால் தன்னொழுங்கமைவு என்ற கருத்துக்கு மிச்சம் என்ன வேலை இருக்கிறது? இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்ற சமரச விடை எனக்கும் தெரியும்; அதில் நிறைவில்லை. எது எவ்வளவு என்று பிரித்தறிய உதவும் சான்று ஏதேனும் உண்டா என்பதே நான் கேட்க விரும்புவது.

அளவுகோல்

இரண்டு விளக்கங்களும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன என்று எடுத்துக்கொள்வதால்தான் முரண்பாடு தோன்றுகிறது. மையங்கள் ஏன் உருவாகின்றன, எத்தனை உருவாகும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் அமையும் என்பது ஒரு கேள்வி. அவை ஏன் குறிப்பாக இந்த இடத்தில் அமைந்தன என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத் தன்னொழுங்கமைவும், இரண்டாவதற்கு நிலமும் தற்செயலும் பெரும்பாலும் விடை தருகின்றன என்பது என் நிலைப்பாடு.

ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில் பண்ணை நடத்திய யோஹான் ஹைன்ரிஹ் ஃபொன் தூனன் 1826-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது. எங்கும் ஒரே வளமுள்ள ஒரு சமவெளியையும், அதன் நடுவே ஒரே ஒரு நகரத்தையும் அவர் கற்பனை செய்துகொண்டார். ஆறு, கால்வாய் எதுவும் அங்கே இல்லை. நகரத்திலிருந்து விலக விலகச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் செலவு கூடுவதால் நில வாரம், அதாவது நிலத்துக்கான வாடகை, குறைந்துகொண்டே போகும். விரைவில் கெட்டுவிடும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டிய வளையத்தில் அமையும். கனமான விறகைத் தரும் காடு அடுத்த வளையத்திலும், தானியம் அதற்கப்பாலும், தானாக நடந்தே சந்தைக்கு வரக்கூடிய கால்நடை கடைசி வளையத்திலும் அமையும். எந்த அதிகாரியும் கோடு கிழிக்காமல், நிலத்துக்கான போட்டி ஒன்றே இந்த வளையங்களை வரைந்துவிடுகிறது. தன்னொழுங்கமைவுக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் நடுவில் நகரம் எப்படி வந்தது என்பதைத் தூனனின் கணக்கு விளக்கவில்லை. அது இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடங்குகிறது.

அந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதை 1978-இல் டேவிட் ஸ்டாரெட் நிறுவினார். இடமெங்கும் ஒரே தன்மை, போக்குவரத்துக்குச் செலவு, சந்தையில் நிறைவுப் போட்டி (எந்த ஒரு நிறுவனத்தாலும் தனியே விலையைத் தீர்மானிக்க முடியாத நிலை) ஆகிய மூன்றும் ஒருங்கே நிலவினால், சரக்குகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பயணிக்கும் சமநிலை (யாரும் தம் முடிவை மாற்றிக்கொள்ள விரும்பாத நிலை) எதுவும் இருக்க முடியாது என்பது அவருடைய தேற்றம். பேரளவு உற்பத்தியால் எந்தச் சிக்கனமும் கிடைக்காதபோது, ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதைத் தம் வாசலிலேயே சிறிய அளவில் செய்துகொள்வதுதான் மலிவு. ஆகவே உலகத்தில் ஒரேயொரு நகரம் இருந்தால்கூட, இந்த மூன்றில் ஒன்று பொய்யாகத்தான் வேண்டும். போக்குவரத்துச் செலவு இல்லாமல் போகாது என்பதால், நிலம் ஒரே தன்மையுடையது என்பது பொய்யாக வேண்டும், அல்லது நிறைவுப் போட்டி என்பது பொய்யாக வேண்டும். முதல் வழியில் போகிறவர்கள் ஆற்றையும் துறைமுகத்தையும் பேசுகிறார்கள். இரண்டாம் வழியில் போகிறவர்கள் வளர்ந்துசெல் விளைவை, அதாவது உற்பத்தி பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைவதை, பேசுகிறார்கள். உங்களுடைய கேள்வியின் வேர் இந்தத் தேற்றத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் வழியின் மூலப்பொருள்களை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே குறிப்பிட்டுவிட்டார். ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் கூடியிருந்தால் தேர்ந்த தொழிலாளர்கள் எளிதில் கிடைக்கிறார்கள், துணைப்பொருள் செய்வோர் அருகிலேயே கடை விரிக்கிறார்கள், தொழில் நுணுக்கங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகின்றன. இவை ஒரு நிறுவனத்தின் அகச் சிக்கனங்கள் அல்ல. பக்கத்தில் மற்றவர்கள் இருப்பதால் கிடைக்கும் புறச் சிக்கனங்கள். க்ருக்மன் 1991-இல் இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தார். ஒரு தொழிற்சாலையைப் பல இடங்களில் சிறிதுசிறிதாக நடத்துவதைவிட ஓரிடத்தில் பெரிதாக நடத்துவது மலிவு. அதனால் அது வாங்குவோர் மிகுந்த இடத்தை நாடுகிறது. அது போய்ச் சேரும் இடத்தில் அதன் தொழிலாளர்களும் குடியேறி அங்கே வாங்குவோராகிறார்கள். அதனால் அடுத்த தொழிற்சாலையும் அங்கேயே வருகிறது. எதிர்த்திசையில் இழுப்பது இடம்பெயர முடியாத உழவர்களின் தேவை. போக்குவரத்துச் செலவு மிகுந்திருக்கும் வரை உழவர்களின் இழுப்பு வெல்லும், தொழில் பரவிக் கிடக்கும். அச்செலவு ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே குறைந்ததும் பரவிய நிலை உறுதியிழந்துவிடுகிறது. அதன் பிறகு இரு வட்டாரங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இருந்தால் போதும், ஒன்று மையமாகவும் மற்றொன்று விளிம்பாகவும் ஆகிவிடும்.

இதையே ஒரு வட்டத்தின் மேல் அமைந்த 12 இடங்களுக்கு விரித்து, ஏறத்தாழச் சமமான ஆனால் சற்றே தாறுமாறான ஒரு பங்கீட்டிலிருந்து கணினியில் ஓடவிட்டால், வழக்கமாகத் தொழில் முழுவதும் இரண்டே இடங்களில் வந்து குவிகிறது. அவ்விரண்டும் வட்டத்தில் ஒன்றுக்கொன்று எதிராகவோ அதற்கு அருகிலோ அமைகின்றன. எந்த இரண்டு என்பதைத் தொடக்கத் தாறுமாறு தீர்மானிக்கிறது. இரண்டுதான் என்பதையும், அவை இவ்வளவு தொலைவில்தான் என்பதையும் அது தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவை போக்குவரத்துச் செலவு, பேரளவுச் சிக்கனம் போன்ற அளவுகள். உயிரினங்களின் உடலில் கோடுகளும் புள்ளிகளும் எப்படி எழுகின்றன என்பதை விளக்க ஆலன் டூரிங் 1952-இல் எழுதிய வேதியியல் சமன்பாடுகளிலும் இதே நுட்பம்தான் இருக்கிறது: சீரான நிலை உறுதியற்றதாகும்போது, குறிப்பிட்ட ஓர் அலைநீளமுள்ள ஏற்றத்தாழ்வு மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்கிறது.

இந்த விளக்கத்தில் நிலத்துக்கு இருக்கும் பங்கு சற்று வியப்பானது. நிலை உறுதியற்றிருக்கும் நேரத்தில் மிகச் சிறிய சாதகமும் போதும் என்பதால், நிலத்தின் செல்வாக்கு அதன் சாதகத்தின் அளவுக்கு ஏற்ப இருப்பதில்லை. சாதகம் நிலத்தினுடையதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டால்டன் நகரத்தின் தரைவிரிப்புத் தொழிலின் தோற்றத்தைத் தேடிப் போனால், 1890-களில் ஓர் இளம்பெண் கையால் செய்த படுக்கை விரிப்பில் போய் நிற்கிறது. வில்லியம் ஷாக்லி 1956-இல் தம் குறைகடத்தி ஆய்வகத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கியதற்கு, அவர் பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர் என்பதும் அவருடைய தாயார் அங்கே வசித்தார் என்பதும் காரணங்களுள் அடங்கும்.

ஐயவாதி

அளவுகோல் அவர்களின் பிரிவினை தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர் காட்டிய சான்றுகளில் பெரும்பாலானவை காகிதத்தில் போட்ட கணக்குகள்; எஞ்சியவை தொழில் தொடங்கிய கதைகள். வென்ற இடங்களின் கதைகளை மட்டும் திரட்டினால், எல்லாவற்றுக்கும் ஒரு தற்செயல் கிடைக்கத்தான் செய்யும். கையால் படுக்கை விரிப்பு செய்த பெண்கள் எத்தனையோ ஊர்களில் இருந்திருப்பார்கள்.

ஒரே நிலத்தில் பல சமநிலைகள் சாத்தியம் என்பது உண்மையானால் அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய அதிர்ச்சி ஒன்று ஒரு நகரத்தைத் தாக்கினால், அது பழைய நிலைக்குத் திரும்பாமல் வேறொரு சமநிலைக்குப் போய்விட வேண்டும். டொனால்ட் டேவிஸும் டேவிட் வைன்ஸ்டைனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் 66 நகரங்கள் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. ஒரு நகரம் கடுமையாகத் தாக்கப்பட்டது, வேறொன்று தப்பியது என்பதால், இதைவிடக் கொடிய ஆனால் இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை யாரும் கற்பனை செய்ய முடியாது. முடிவு என்ன? அழிக்கப்பட்ட நகரங்கள் பெரும்பாலும் 20 ஆண்டுகள் அளவில் நாட்டின் மக்கள்தொகையில் தமக்கிருந்த பழைய பங்கை மீட்டுக்கொண்டன. ஹிரோஷிமாவும் நாகசாகியும்கூடச் சில பத்தாண்டுகளுக்குள் போருக்கு முந்தைய வளர்ச்சிப் பாதைக்குத் திரும்பிவிட்டன. அதே ஆய்வாளர்கள் பின்னர் நகரங்களுக்குள்ளிருந்த தொழில்களின் விகிதத்தையும் தனியாகப் பார்த்தார்கள். அதுவும் பழைய வடிவத்துக்கே மீண்டிருந்தது. ஜப்பானின் எந்த வட்டாரங்களில் மக்கள் செறிந்திருந்தார்கள் என்பது பல ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறாதிருப்பதையும் தொல்லியல் தரவுகளைக் கொண்டு அவர்கள் காட்டினார்கள். கணினியில் ஓடும் வட்டத்தில் எந்த இடம் வேண்டுமானாலும் வெல்லலாம். ஜப்பானில் அப்படி நடக்கவில்லை.

இரவில் விண்வெளியிலிருந்து தெரியும் வெளிச்சத்தைப் பொருளாதார நடவடிக்கையின் அடையாளமாகக் கொண்டு வெர்னன் ஹெண்டர்சனும் மூவரும் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வையும் இங்கே சேர்க்க வேண்டும். தட்பவெப்பம், நிலத்தின் கரடுமுரடு, மண்ணின் தகுதி, கடலுக்கும் ஆற்றுக்கும் உள்ள தொலைவு போன்ற இயற்கைப் பண்புகளை மட்டும் கொண்டே, உலகெங்கும் வெளிச்சத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை அவர்களால் விளக்க முடிந்தது. நிலத்தைத் தொடக்கப் பொறி என்று ஒதுக்கிவிடுவதற்கு இது மிகப் பெரிய பங்கு.

நேர்மைக்காக எதிர்ச்சான்று ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உற்பத்தித் தொழில்களைப் பற்றி 1999-இல் எலிசனும் கிளேசரும் செய்த கணக்கில், அளந்தறியக்கூடிய இயற்கைச் சாதகங்கள் தொழில்களின் குவிதலில் ஐந்தில் ஒரு பங்கையே விளக்கின. தாங்கள் அளக்காத சாதகங்களையும் சேர்த்தால் அந்தப் பங்கு இன்னும் உயரும் என்பது அவர்களுடைய கருத்து. மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதில் நிலத்தின் பிடி வலுவாகவும், குறிப்பிட்ட ஒரு தொழில் எங்கே குவிகிறது என்பதில் தளர்வாகவும் இருப்பதாக இதை நான் படிக்கிறேன். அப்படியானால் அளவுகோல் அவர்களின் இரண்டு கேள்விகளோடு, எந்த அளவிலான வரைபடத்தைப் பார்க்கிறோம் என்ற மூன்றாவது கேள்வியையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

கரையோரம்

ஹிரோஷிமாவின் மீட்சியிலிருந்து ஐயவாதி எடுக்கும் முடிவு அந்தத் தரவு தாங்கக்கூடியதைவிட வலுவானது. குண்டு கட்டடங்களையும் உயிர்களையும் அழித்தது. நிலத்தின் உரிமைப் பதிவுகள், சாலைகளும் இருப்புப்பாதைகளும் சென்ற தடங்கள், சுற்றுவட்டார ஊர்களோடு இருந்த வணிகத் தொடர்புகள், உயிர் பிழைத்தவர்களின் சொந்தபந்தங்கள் ஆகியவற்றை அது முற்றாக அழிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, இந்த நகரம் மீண்டும் எழும் என்று பிறரும் எதிர்பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அழியவில்லை. பல சமநிலைகள் உள்ள ஓர் அமைப்பில், எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்புவார்கள் என்று எல்லோரும் நம்பினால், திரும்புவதுதான் ஒவ்வொருவருக்கும் உகந்த முடிவு. நகரத்தை மீட்டது ஆற்றுக் கழிமுகமா, இந்த நம்பிக்கையா என்பதை ஜப்பானின் தரவு மட்டும் பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்ல வேறு வகைச் சோதனை தேவை. நகரத்தை அழித்துவிட்டு நிலத்தை விட்டுவைப்பதற்குப் பதிலாக, நிலத்தின் சாதகம் அழிந்தும் நகரம் எஞ்சியிருக்கும் நேர்வுகளைத் தேட வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடினப் பாறையாலான மேட்டுநிலம் கடற்கரைச் சமவெளியின் இளகிய படிவுகளைச் சந்திக்கும் ஒரு நீண்ட கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டைக் கடக்கும் ஒவ்வோர் ஆற்றிலும் விரைவோட்டங்களும் அருவிகளும் இருக்கின்றன. கடலிலிருந்து ஆற்றின் வழியாக வந்த படகுகள் அங்கே நின்றாக வேண்டும். சரக்கை இறக்கி, நிலத்தின் வழியே சுமந்து, மேலே மீண்டும் ஏற்ற வேண்டும். அந்த இடங்களில் சுமப்பவர்களும் வணிகர்களும் கிடங்குகளும் கூடினர், பின்னர் நீர்விசையால் ஓடும் ஆலைகளும் வந்தன. ஜேம்ஸ் ஆற்றின் மேல் ரிச்மண்டும், சவானா ஆற்றின் மேல் அகஸ்டாவும் இப்படி வளர்ந்தவை. இருப்புப்பாதை வந்ததும் சரக்கைச் சுமந்து கடக்கும் தேவை மறைந்தது. நீராவியும் மின்சாரமும் வந்ததும் நீர்விசையின் சிறப்பும் போயிற்று. ஹாய்ட் பிளீக்லியும் ஜெஃப்ரி லின்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஆறுகளின் போக்கில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மக்கள் இன்றும் அந்தக் கோட்டருகே செறிந்திருப்பதையும், சாதகம் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தச் செறிவு கரையாததையும் காட்டியது. இரவு வெளிச்ச வரைபடத்தில் அந்த நகரங்களும் ஆற்றங்கரை நகரங்களாகவே பதிவாகும் என்பதை ஐயவாதி கவனிக்க வேண்டும். அவர் சொன்ன அந்தப் பாதியில் எவ்வளவு இன்றைய நிலத்தின் வேலை, எவ்வளவு என்றோ இறந்துபோன நிலச் சாதகத்தின் எச்சம் என்று கேட்டுப் பார்க்கலாம். சொல்லப்போனால் அந்த ஆய்வாளர்களே இதை ஓரளவு தொட்டிருக்கிறார்கள்: முன்னதாகவே வளர்ந்த நாடுகளில் குவிதல் வேளாண்மைக்கு உகந்த நிலத்தையும், பிந்தி வளர்ந்த நாடுகளில் வணிகத்துக்கு உகந்த கடற்கரையையும் கூடுதலாகப் பின்பற்றுகிறது என்பது அவர்களுடைய முடிவுகளுள் ஒன்று. நகரங்கள் குவியத் தொடங்கிய காலத்தில் போக்குவரத்து எப்படி இருந்தது என்பதன் முத்திரை இன்னும் அழியவில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

ரோமப் பேரரசின் வீழ்ச்சி இன்னும் நீண்ட காலச் சான்றைத் தருகிறது. மேற்கு ரோம ஆட்சி சரிந்தபோது பிரிட்டனில் நகர வாழ்க்கை ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது. பிரான்சில் அது சுருங்கினாலும் அறுபடவில்லை. பின்னர் நகரங்கள் மீண்டும் தலையெடுத்தபோது பிரிட்டனின் நகரங்களுள் பல புதிய இடங்களில், குறிப்பாகப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்ற நீர்வழிகளை ஒட்டி எழுந்தன. பிரான்சின் நகரங்கள் ரோமானியர் சாலைகளைக் கருதித் தேர்ந்த பழைய இடங்களிலேயே பெரிதும் நிலைத்தன. நீர்வழி வணிகம் ஓங்கிய காலத்தில் அதனால் அவை பின்தங்கின என்று கை மைக்கேல்ஸும் ஃபெர்டினாண்ட் ரவுக்கும் வாதிடுகிறார்கள். தொடர்ச்சி முற்றாக அறுந்தால் மட்டுமே நிலம் மறுபடியும் தேர்வு செய்ய வாய்ப்புப் பெறுகிறது என்பது இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம்.

அதோடு, நிலம் என்பதை மாறாத ஒன்றாக இருவருமே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1833-இல் சில நூறு பேர் வாழ்ந்த சிகாகோவுக்கு 1848-இல் பேரேரிகளையும் மிசிசிப்பி வடிநிலத்தையும் இணைக்கும் கால்வாய் வந்தது. அதே ஆண்டில் முதல் இருப்புப்பாதையும் வந்தது. அடுத்த இருப்புப்பாதைகள் ஏன் அங்கே வந்து முடிந்தன என்று கேட்டால், முந்தைய இருப்புப்பாதைகள் அங்கே இருந்தன என்பதே பெரும்பகுதி விடை. 1890-இல் அங்கே 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அந்த இரு வடிநிலங்களையும் பிரிக்கும் நீர்ப்பிரிமேடு அந்த இடத்தில் தாழ்வாக இருந்தது இயற்கை தந்தது. அதன் மேல் எழுந்த இருப்புப்பாதை வலை மனிதர் உண்டாக்கிய இரண்டாவது இயற்கை. பின்னால் வந்தவனுக்கு இரண்டும் ஒரே அளவுக்கு அசைக்க முடியாதவை. மறுதலையான எடுத்துக்காட்டு கன்டெய்னர். 1956 ஏப்ரலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு ஒரு கப்பல் சென்றது. அதிலிருந்து கால் நூற்றாண்டுக்குள் லண்டன் நகரத்தை ஒட்டியிருந்த கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆழமான நீரும் அகன்ற வெற்றிடமும் கொண்ட, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஃபீலிக்ஸ்டோ போன்ற துறைமுகங்கள் வளர்ந்தன. தேம்ஸ் ஆறு மாறவில்லை. எந்த வகை ஆறு சாதகமானது என்பது மாறியது. துறைமுகத்தை இழந்த லண்டனோ சில காலம் சுருங்கினாலும் பின்னர் மீண்டும் வளர்ந்தது.

மருதம்

மூவருக்கும் நன்றி. ஸ்டாரெட் தேற்றத்தை நான் அறிந்திருக்கவில்லை. கேள்வியை எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இன்னும் இரண்டு கேள்விகள். நகரங்களின் அளவுகள் எங்கும் ஒரே வகையான விதியைப் பின்பற்றுகின்றன என்பதைத் தன்னொழுங்கமைவுக்கு வலுவான சான்றாகப் பலர் காட்டுகிறார்கள், அது சரியா? அடுத்தது: தொடக்கத்தில் ஒரு சிறு தள்ளுதல் போதும் என்றால், அரசு தான் விரும்பும் இடத்தில் அந்தத் தள்ளுதலைக் கொடுத்து ஒரு மையத்தை உருவாக்க முடியுமா?

அளவுகோல்

முதல் கேள்விக்கு விடை: ஒழுங்கு உண்மை, அதைச் சான்றாகக் கொள்வது பலவீனமானது. ஒரு நாட்டின் நகரங்களை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்தினால் இரண்டாவது நகரம் முதலாவதில் ஏறத்தாழப் பாதியாகவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கும் போக்கை 1913-இல் ஃபெலிக்ஸ் ஆவர்பாக் கவனித்தார். இன்று அது மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃபின் பெயரால் வழங்குகிறது. அமெரிக்க நகரங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. லண்டனும் பாரிஸும் தத்தம் நாடுகளில் விதி அனுமதிப்பதைவிட மிகப் பெரியவை. 1999-இல் சேவியர் கபே காட்டியது இது: நகரங்களின் வளர்ச்சி வேகம் அவற்றின் அளவைப் பொறுத்ததல்ல என்றும், ஒரு கீழ் எல்லைக்குக் கீழே அவை சுருங்குவதில்லை என்றும் கொண்டால், எங்கிருந்து தொடங்கினாலும் காலப்போக்கில் இந்த விதி வந்துவிடுகிறது. இதில் நிலமும் இல்லை, வளர்ந்துசெல் விளைவும் இல்லை. மறுபுறம், ஆறுகளின் அளவுகளும் இதே போன்ற அடுக்கு விதியைப் பின்பற்றுகின்றன என்பதால், துறைமுக நகரங்களின் அளவு வரிசை இயற்கையிலிருந்தே வந்திருக்கலாம் என்று க்ருக்மனே ஓரிடத்தில் யோசித்திருக்கிறார். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கோட்பாடுகளும் ஒரே வளைகோட்டைத் தருமானால், அந்த வளைகோட்டைக் கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. இந்த விதியைப் பற்றி எழுதப்படும் உற்சாகமான கட்டுரைகளில் பாதிக்கு மேல் இதைக் கடந்து போய்விடுகின்றன என்பது என் மனத்தாங்கல்.

தன்னொழுங்கமைவு என்ற சொல் தரும் நல்லெண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானாக எழுந்த ஒழுங்கு நல்ல ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. தாமஸ் ஷெல்லிங் 1971-இல் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரு நிறக் காய்களை வைத்து இதைக் காட்டினார். அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கினராவது தம் இனத்தவராக இருந்தால் போதும் என்ற மிதமான விருப்பமே, யாரும் விரும்பாத கடும் பிரிவினையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. தவறான இடத்தில் கட்டுண்ட பிரெஞ்சு நகரங்களைப் பற்றிக் கரையோரம் சொன்னதும் இதே வகைதான்.

இரண்டாம் கேள்வியை ஐயவாதி எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பிடித்தமான களம்.

ஐயவாதி

எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன், கரையோரம் காட்டிய, சரக்கைச் சுமந்து கடந்த இடங்களில் எழுந்த சுமைவழி நகரங்களின் சான்று வலுவானது என்பதை ஏற்கிறேன். இருந்தாலும் ஜப்பானின் மீட்சியில் கணிசமான பங்கு நிலத்துக்கு உண்டு என்ற கருத்தில் மாற்றமில்லை. பல ஆயிரம் ஆண்டு நிலைப்பை எதிர்பார்ப்புகளால் மட்டும் விளக்க முடியாது.

தள்ளுதலைப் பற்றிய நல்ல சான்று ஜெர்மனியின் விமானப் போக்குவரத்து. போருக்கு முன் அந்நாட்டின் முதன்மை விமான மையம் பெர்லின். நாடு பிரிக்கப்பட்ட பின் அந்த இடம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனது. 1990-இல் நாடு இணைந்து பிரிவினைக்கான காரணமே இல்லாமல் போன பிறகும் மையம் பெர்லினுக்குத் திரும்பவில்லை. அங்கே பல சமநிலைகள் உண்டு என்பதை நானும் ஏற்கத்தான் வேண்டும். எனினும் இது ஒரு தொழிலின் இருப்பிடம் என்பதையும், தள்ளியது ஒரு பேரரசியல் பிளவு என்பதையும், அது 40 ஆண்டுகள் நீடித்தது என்பதையும் மறக்கக் கூடாது. தொடக்க நிலையில் சிறு தள்ளுதல் போதும் என்பது உண்மை. மையம் ஒன்று ஏற்கெனவே உறுதிப்பட்ட பிறகு அதை நகர்த்தத் தேவைப்படும் தள்ளுதல் சிறிதல்ல. அரசுகள் பெரும்பாலும் வந்து சேர்வது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

அரசு வேண்டுமென்றே கொடுத்த தள்ளுதலுக்கு எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம். அணைகளும் மின்சாரமும் சாலைகளும் மத்திய அரசின் பணத்தில் வந்தன. 1960 வாக்கில் அந்த உதவி பெருமளவு நின்றுபோனது. பேட்ரிக் கிளைனும் என்ரிகோ மொரெட்டியும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேளாண்மை வேலைவாய்ப்பில் கிடைத்த ஏற்றம் உதவி நின்றதும் கரைந்துவிட்டது. உற்பத்தித் தொழில் வேலைவாய்ப்பில் கிடைத்த ஏற்றமோ உதவி நின்ற பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வளர்ந்தது. புறச் சிக்கனம் இல்லாத தொழிலில் தள்ளுதல் வீணாகும், அது இருக்கும் தொழிலில் தள்ளுதல் வேர் பிடிக்கும் என்று அளவுகோலின் கோட்பாடு சொல்வதோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது. தொழில்கள் குவிந்ததால் பள்ளத்தாக்குக்குக் கிடைத்த மறைமுக ஆதாயம், அத்தொழில்கள் போகாமல்போன மற்ற வட்டாரங்களின் இழப்போடு ஏறத்தாழச் சரிக்குச் சரியாகிவிட்டது. நாடு முழுவதுக்கும் எஞ்சிய நன்மை, அந்த அணைகளும் சாலைகளும் நேரடியாக உயர்த்திய உற்பத்தித்திறனிலிருந்து வந்தது.